இன்னும் ஒரே ஒரு வாய்

நற்றிணையில் 110ஆவது பாட்டு. எழுதியவர் போதனார். பாலைத் திணை. கல்லூரியில் படிக்கும்போது துறை, கூற்று என்று குறிப்பெடுத்து, தேர்வு எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று. ஆனால் அது என்ன பாட்டு என்று எனக்குப் புரிந்தது, வீட்டில் அக்கா மகளுக்கு மூன்று வயது ஆன பிறகுதான்.

பாட்டில் வருவது ஒரு வசதியான வீடு. செவிலியின் ஒரு கையில் பொற்கிண்ணம், அதில் தேன் கலந்த பால். இன்னொரு கையில் நுனி மென்மையான ஒரு சிறுகோல். அடிப்பதற்கு அல்ல, ஓங்கிக் காட்டி மிரட்டுவதற்கு. குழந்தை நிற்கவில்லை. காலில் முத்துப் பரல் போட்ட பொற்சிலம்பு, அது ஒலிக்க ஒலிக்கத் தாவி ஓடுகிறாள். தலை நரைத்த செவிலியர் துரத்தித் துரத்தி மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள். அவள் பந்தலுக்குள் ஓடிவிட்டாள். பால் கிண்ணத்திலேயே இருக்கிறது.

பொற்கிண்ணத்தை எடுத்துவிட்டு எவர்சில்வர் கிண்ணம் வையுங்கள். சிறுகோலுக்குப் பதிலாக ஒரு செல்போன். பந்தலுக்குப் பதிலாக கட்டிலுக்கு அடி. நேற்று ராத்திரி எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம்.

பாட்டின் பிற்பாதிதான் கனமானது. அந்தக் குழந்தை வளர்ந்து கல்யாணமாகிப் போய்விட்டாள். கணவன் வீட்டில் வறுமை. அப்பா வீட்டின் கொழுத்த சோற்றை அவள் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு வேளை விட்டு ஒரு வேளை சாப்பிடுகிறாள். இவ்வளவு அறிவும் ஒழுக்கமும் இவளுக்கு எங்கிருந்து வந்தன என்று வீட்டார் திகைக்கிறார்கள்.

உரைகள் இதைக் கற்பின் பெருமை என்று சொல்லிக் கடந்துவிடும். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு முதலில் வீட்டில் சோறு இருக்கவேண்டும். சின்ன வயதில் அவளிடம் அந்த வசதி இருந்தது. பெரியவளானபோது இல்லை. ஒரே பெண்ணின் இரண்டு பருவங்களை வைத்து, சாப்பிட மறுப்பதற்கும் சாப்பாடு இல்லாமல் இருப்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தைப் போதனார் காட்டிவிடுகிறார். நம் வீடுகளில் நடக்கும் சாப்பாட்டுச் சண்டைகள் முழுக்க இந்தத் தூரத்துக்குள்தான் நடக்கின்றன என்பது என் எண்ணம்.

*

எனக்கு ஆறு வயது இருக்கும்போது, தட்டில் கீரை மசியல். தொடமாட்டேன் என்றேன். அப்பாயி மடியில் உட்காரவைத்து, மூக்கைப் பிடித்து, வாய் திறந்ததும் உள்ளே தள்ளினார். விழுங்கினேன். அடுத்த நிமிஷம் மொத்தத்தையும் அவர் புடவையிலேயே கக்கினேன். அதன் பிறகு கீரை என்றாலே தொண்டை இறுகிக்கொள்ளும். மறுபடி நானாக எடுத்துச் சாப்பிட இருபது வருஷம் ஆயிற்று, அதுவும் வேறு ஊரில், மெஸ்ஸில், வேறு எதுவும் மிச்சமில்லாத ஒரு நாளில்.

ரொம்ப நாள் அப்பாயி மேல் கோபம் இருந்தது. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1960களின் நடுவில் அவருக்கு நான்கு சின்னப் பிள்ளைகள். மழை பொய்த்து அரிசிக்குத் திண்டாட்டமாக இருந்த காலம். 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்ற வாக்குறுதி ஆட்சியையே மாற்றியது என்றால், அடுப்படிகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். “ஒரு பருக்கைக்குக் காத்துக் கெடந்தோம். ஒனக்குக் கொழுப்பு” என்பார். என் தட்டில் மிச்சமிருந்த கீரையை அவர் அந்த வருஷங்களின் கண்ணால்தான் பார்த்தார். சாப்பிடாத பிள்ளை என்றால் அவருக்கு ஒன்றுதான் அர்த்தம்: நாளைக்குக் கிடைக்காமல் போகலாம், இன்றைக்கே உள்ளே போட்டுவிடு.

குழந்தையின் வாயில் ஊட்டுகிற கைக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் அந்தப் பயம் வேறு வேறு. அப்பாயிக்கு அது பசி. அவருக்கும் முந்தைய அமெரிக்கத் தாய்மார்களுக்கு அது வேறொன்று. அந்தப் பயத்திலிருந்துதான், சாப்பிட மறுக்கும் குழந்தைகளைப் பற்றி நமக்குத் தெரிந்த மிக விசித்திரமான பரிசோதனை பிறந்தது.

*

1894இல் நியூயார்க்கில் எம்மெட் ஹோல்ட் என்ற குழந்தை மருத்துவர் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். குழந்தைகளின் பராமரிப்பும் உணவூட்டலும் பற்றியது. முதலில் தாதிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க எழுதியது, அதனால் முழுக்கக் கேள்வி பதில் வடிவம். எந்த வயதில் என்ன, எத்தனை மணிக்கு, எவ்வளவு அளவு. தாய்மார்கள் அதை வேதம் மாதிரி வைத்துக்கொண்டார்கள். பதிப்புமேல் பதிப்பு வந்தது.

இப்போது படித்தால் கறாராகத் தெரியும். ஆனால் அது குழந்தைகள் கெட்டுப்போன பாலால் செத்துக்கொண்டிருந்த காலம். கோடைகாலம் வந்தால் நகரங்களில் வயிற்றுப்போக்கு பிஞ்சுகளை அள்ளிக்கொண்டு போகும். மணி பார்த்து, அளவு பார்த்து, கொதிக்கவைத்துக் கொடு என்பது உயிர் காக்கும் பேச்சாக இருந்தது.

அடுத்த முப்பது வருஷங்களில் விஞ்ஞானம் இன்னும் நெருங்கி வந்தது. கலோரிக் கணக்கு வந்தது. 1912இல் காசிமிர் ஃபங்க் வைட்டமின் என்ற பெயரைக் கொடுத்தார். மீன் எண்ணெய் குடிக்காவிட்டால் எலும்பு வளையும், பழம் சாப்பிடாவிட்டால் ஈறில் ரத்தம் வரும் என்று நிரூபணமானது. உண்மையான, பெரிய கண்டுபிடிப்புகள். ஆனால் அவை சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தபோது ஒவ்வொரு கரண்டியும் மருந்தாகிவிட்டது. மருத்துவர் எழுதிக்கொடுத்த பட்டியல் அம்மா கையில். குழந்தையோ வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிறது. மருந்தை மறுக்கும் பிள்ளையை என்ன செய்வது? அமுக்கிப் பிடித்துப் புகட்டத்தானே வேண்டும்?

‘என் பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது’ என்பது குழந்தை மருத்துவரிடம் வரும் முக்கியமான புகார்களில் ஒன்றாகிவிட்டது. தட்டில் குறையில்லாத வீடுகளிலிருந்துதான் இந்தப் புகார் வந்தது.

*

இந்த இடத்தில் கிளாரா டேவிஸ் வருகிறார். குழந்தை மருத்துவர். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: யாருமே சொல்லாவிட்டால் குழந்தை என்ன சாப்பிடும்?

1926இல் கிளீவ்லாந்தில் ஒரு மருத்துவமனையில் மூன்று குழந்தைகளோடு தொடங்கினார். பிறகு சிகாகோவுக்கு மாற்றிக்கொண்டு வருஷக்கணக்கில் தொடர்ந்தார். மொத்தம் 15 குழந்தைகள். எல்லாரும் அப்போதுதான் தாய்ப்பால் மறந்தவர்கள். கெட்டியான உணவின் ருசியே தெரியாது. அதனால் பழக்கமும் இல்லை, முன்முடிவும் இல்லை. சிலர் ஆறு மாதம் இருந்தார்கள், சிலர் நான்கரை வருஷம்வரை.

பட்டியலில் 34 உணவுகள். ஆப்பிள், வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி. பீட்ரூட், கேரட், பட்டாணி, முட்டைக்கோஸ், பசலை. ஓட்ஸ், கோதுமை, மக்காச்சோளம். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, ஈரல், மூளை, சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை, மீன், முட்டை. பால், புளித்த பால், தண்ணீர். சர்க்கரை கிடையாது, வெண்ணெய் கிடையாது, டப்பாவில் அடைத்தது எதுவும் கிடையாது. எந்த உணவிலும் உப்பு சேர்க்கவில்லை. கடலுப்பு தனியாக ஒரு கிண்ணத்தில். ஒவ்வொன்றும் தனித்தனிக் கிண்ணத்தில், ஒன்றோடொன்று கலக்காமல், தட்டில் வைத்துக் குழந்தைக்கு முன்னால் வந்துவிடும்.

எனக்குப் பிடித்த பகுதி, தாதிகளுக்குக் கொடுத்த உத்தரவு. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். ஊட்டக்கூடாது. குழந்தை ஒரு கிண்ணத்தைப் பார்த்துக் கையை நீட்டினாலோ சுட்டிக்காட்டினாலோ மட்டும் ஒரு கரண்டி எடுக்கலாம், அதுவும் குழந்தை வாயைத் திறந்தால்தான். ‘நல்லது, சாப்பிடு’ கிடையாது. முகம் சுளிப்பது கிடையாது. கையால் அளைந்தாலும் திருத்தக்கூடாது. குழந்தை போதுமென்று நிறுத்தினால் தட்டு போய்விடும். மிஞ்சியதையும் சிந்தியதையும் எடைபோட்டு எழுதிக்கொள்வார்கள்.

நம் வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது இப்படி ஒரு வேளை உட்கார வைக்க முடியுமா?

முதல் சில வேளைகளில் குழந்தைகள் எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்த்தன. கரண்டி, தட்டின் விளிம்பு, தட்டில் விரித்த காகிதம் உட்பட. கொஞ்ச நாளில் பிடித்ததை நோக்கி நேராகக் கை போக ஆரம்பித்தது. ஒவ்வொரு குழந்தையின் சாப்பாடும் வேறாக இருந்தது. ஒரே குழந்தையின் சாப்பாடே வாரத்துக்கு வாரம் மாறியது. கொஞ்ச நாள் முட்டை முட்டையென்று தின்றுவிட்டு அப்புறம் தொடாது. காலையில் ஈரலும் அரை லிட்டர் அளவு ஆரஞ்சுச் சாறும், ராத்திரியில் பல முட்டைகளும் வாழைப்பழமும் பாலும். எந்தப் புத்தகமும் இப்படி ஒரு அட்டவணை போட்டிருக்காது. தனி வேளையாகப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். மாதக்கணக்கில் கூட்டிப் பார்த்தால் சத்துகள் சரியாக நின்றன. வரும்போது நோஞ்சானாக இருந்தவர்கள் உட்பட எல்லாக் குழந்தைகளும் தேறி நன்றாக வளர்ந்தார்கள்.

ஒரு பையனுக்கு ரிக்கெட்ஸ், எலும்பு மெலியும் நோய். அவன் தட்டில் மட்டும் ஒரு சின்ன கிளாஸில் மீன் எண்ணெய் வைத்தார்கள். நம் ஊரில் மூக்கைப் பிடித்துக் குடிக்கவைக்கிற அதே வகையறா எண்ணெய்தான். வற்புறுத்தவில்லை. அவன் அவ்வப்போது தானாக எடுத்துக் குடித்தான். எக்ஸ்ரேயில் எலும்பு குணமானது தெரிகிறவரை குடித்தான். அப்புறம் அந்த கிளாஸைத் தொடவில்லை. ஒரே ஒரு குழந்தையின் கதை என்பதால் இதிலிருந்து விதி எதுவும் எடுக்கமுடியாது. ஆனாலும் மறக்கமுடியாத கதை.

இன்னொரு சின்னக் குறிப்பு. 15 பேரில் ஒரு குழந்தை கடைசிவரை பசலைக்கீரையைத் தொடவே இல்லை. அதைப் படித்தபோது அந்தக் குழந்தையைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

*

இந்தக் கதையை இத்தோடு நிறுத்தினால் அபாயம். அப்படித்தான் நிறையப் பேர் நிறுத்தினார்கள். ‘குழந்தையின் உடம்புக்கு எல்லாம் தெரியும், இஷ்டத்துக்கு விட்டுவிடு’ என்று ஊர் பேசியது.

கிளாரா டேவிஸே அப்படிச் சொல்லவில்லை. 1939இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரையில், இந்தப் பரிசோதனையில் ஒரு தந்திரம் இருக்கிறது என்று அவரே போட்டு உடைத்தார். தந்திரம் உணவுப் பட்டியலில் இருந்தது. குழந்தைகள் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்தார்கள், ஆனால் அந்த 34இலிருந்து. அதில் கெட்ட தேர்வு என்று ஒன்றே இல்லை. பட்டியலைப் போட்டது பெரியவர். எவ்வளவு என்று முடிவு செய்தது குழந்தை. அடுத்து, மாவும் சர்க்கரையுமாகப் பதப்படுத்திய உணவுகளை வைத்து இதே பரிசோதனையைச் செய்யவேண்டும் என்று அவருக்கு ஆசை. பெருமந்தம் வந்து பணம் வறண்டுபோனது. அது நடக்கவில்லை. அந்தப் பரிசோதனையைத்தான் இப்போது சிப்ஸ் பாக்கெட்டுகளை வைத்து உலகம் முழுக்க நடத்திக்கொண்டிருக்கிறோம். யாரும் எடை போடுவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். அந்தக் குழந்தைகள் வசதியற்ற தாய்மார்களின் பிள்ளைகள். மடியிலும் திண்ணையிலும் வளரவேண்டிய வயதில் மருத்துவமனைக் கூடத்தில், தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்தார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது. பணக்கார வீட்டு மேஜையின் சண்டையைத் தீர்க்க ஏழை வீட்டுக் குழந்தை தேவைப்பட்டது. போதனாரின் பாட்டில் பார்த்த அதே தூரம் இங்கேயும் இருக்கிறது.

*

1946இல் பெஞ்சமின் ஸ்போக்கின் குழந்தை வளர்ப்புப் புத்தகம் வந்தபோது டேவிஸின் பரிசோதனை அதில் இடம்பிடித்து லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போனது. ஆய்வுக்கூடத்தில் அதை நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் லீன் பிர்ச் என்ற உளவியலாளர். மழலையர் பள்ளிக் குழந்தைகளோடு பல வருஷம் வேலை செய்தவர்.

அவர் கண்டுபிடித்தவற்றில் மூன்று நம் வீட்டுக்கு நேராக வருபவை. முதலாவது, புது உணவைக் குழந்தை உடனே ஏற்காது. வற்புறுத்தாமல் திரும்பத் திரும்ப, எட்டுப் பத்துத் தடவை, சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும், ருசி பார்க்கக் கிடைத்தால் பிடிக்க ஆரம்பிக்கும். நாம் இரண்டு தடவை கொடுத்துவிட்டு ‘இவளுக்கு இது ஆகாது’ என்று முடிவுகட்டுகிறோம். இரண்டாவது, ‘இதைக் குடிச்சா அதைத் தர்றேன்’ என்று லஞ்சம் கொடுத்தால் குடித்துவிடும். ஆனால் லஞ்சம் வாங்கிக் குடித்ததன்மேல் விருப்பம் குறையும். லஞ்சம் கொடுத்துத் தின்னவைக்கிற பொருள் நல்லதாக இருக்கமுடியாது என்று குழந்தை சரியாகவே கணக்குப் போடுகிறது. மூன்றாவது, 2006இல் வந்த ஒரு ஆய்வு: சூப்பைக் குடித்து முடி என்று நச்சரித்த குழந்தைகள் நச்சரிக்காதபோது குடித்ததைவிடக் குறைவாகவே குடித்தார்கள். அதைப் பற்றிக் கசப்பாகவும் பேசினார்கள்.

இதையெல்லாம் ஒரே வரி ஏற்பாடாகச் சுருக்கியவர் எலின் சாட்டர், 1980களில். எது, எப்போது, எங்கே என்பது பெரியவர் வேலை. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் வேலை. ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்கக்கூடாது. டேவிஸின் தந்திரத்தையும் தாதியின் மௌனத்தையும் சேர்த்தால் வருவது இதுதான்.

*

என் சித்தி ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். இந்த ஆய்வுகளையெல்லாம் ஒருநாள் அவரிடம் ஆர்வமாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். “வீட்டுல கத்திரிக்காயத் தொடமாட்டான்னு அவங்கம்மா சொல்லுது. இங்க ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்குறான். பக்கத்துல ஒக்காந்தவன் தின்றான்ல.”

பிர்ச் 1980இல் இதையும் சோதித்திருக்கிறார். ஒரு காய் பிடிக்காத குழந்தையை அந்தக் காய் பிடித்த குழந்தைகளோடு சில நாள் உட்காரவைத்தார். அதன் விருப்பம் மாறியது. நம் ஊரில் இது ஆய்வாக நடக்கவில்லை, பசிக்கான பதிலாக நடந்தது. 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் தொடங்கியது. 1956இல் காமராஜர் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 1989இல் கருணாநிதி முட்டையைச் சேர்த்தார். 2022இல் காலை உணவும் வந்தது. நோக்கம் பள்ளிக்கு வரவைப்பது, பட்டினியைத் தீர்ப்பது. ஆனால் வரிசையாக உட்கார்ந்து, எல்லாருக்கும் ஒரே சோறு, ஊட்ட ஆளில்லை, துரத்த ஆளில்லை என்ற ஏற்பாட்டில் இன்னொன்றும் சத்தமில்லாமல் நடந்திருக்கிறது. பந்தியில் பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சாப்பிடக் கற்றுக்கொள்கிறார்கள்.

“எல்லாரும் எல்லாத்தையும் திங்கிறாங்கன்னு நெனைக்காத” என்றும் சித்தி சொன்னார். “முட்டை மஞ்சக்கருவ நைசா பக்கத்துப் புள்ள தட்டுல போடுறவன் இன்னமும் இருக்கான். விட்ருவேன்.”

*

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். முதலில் முறைத்தாள். “நீ வேலைக்குப் போயிருவ. அவ நோஞ்சானா இருந்தா கேக்கறவங்க என்னையத்தான் கேப்பாங்க.” உண்மைதான். அப்பாயிக்குப் பசி என்றால், அக்காவுக்கு ஊர் வாய். ஹோல்ட் காலத்துத் தாய்மார்களிலிருந்து இன்றுவரை, பிள்ளை சாப்பிடாததற்கு ஒரு அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

முதலில் மருத்துவரிடம் போனோம். எடை குறைந்துகொண்டே போவது, விழுங்கும்போது புரையேறுவது, நாலைந்து பொருளைத் தவிர எதையுமே தொடாதது என்றால் அது அடம் அல்ல, கவனிக்கவேண்டிய விஷயம் என்றார். பாப்பாவுக்கு அப்படி எதுவும் இல்லை. எடைக்கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வயதுக்குப் பிறகு வளரும் வேகம் குறையும், பசியும் குறையும், புதுசைக் கண்டால் சந்தேகமும் வரும் என்றார்.

அதன் பிறகு வீட்டில் சிலவற்றை மாற்றினோம். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் பாலும் பிஸ்கட்டும் கொடுப்பதை நிறுத்தினோம். போனும் டிவியும் அணைந்தன. எல்லாரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்தோம், அத்தான் உட்பட. தட்டில் அவளுக்குத் தெரிந்த ஒன்று கட்டாயம் இருக்கும், தயிர்சாதமோ தோசையோ. பக்கத்தில் புதுசாக ஒரு துளி. அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது. இதுதான் கஷ்டம். மூன்றாம் நாளே அக்கா “ஒரே ஒரு வாய்டி தங்கம்” என்று ஆரம்பித்துவிட்டாள். ஐந்தாம் நாள் நானே காக்கா காட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பீட்ரூட் பொரியல். எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டோம். பாப்பா தயிர்சாதத்தைக் கையால் அளைந்துகொண்டிருந்தவள், பீட்ரூட்டில் ஒரு துண்டை எடுத்தாள். விரல் சிவப்பானதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாயில் வைத்தாள். மென்றாள். வெளியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பிறகு அதையே மறுபடி எடுத்துத் தின்றுவிட்டாள்.

அக்கா வாயைத் திறந்தாள். ‘இன்னும் ஒரே’ என்பதுவரை அவள் உதட்டில் எனக்குத் தெரிந்தது. பிறகு மூடிக்கொண்டு, தன் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டாள்.